வரம்பு கட்டத் தெரிய வேண்டும்

மழைக்காலம் வந்துவிட்டால் எமது மலைகளில் உறக்கம் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. மண்சரிவாலும், அதற்கு முன்னர் வன்செயல்களாலும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று உயர்தரம் கற்றுச் சட்டம் படிக்க விரும்புகின்றனர். மகிழ்ச்சி. அவர்கள் அரசியலமைப்புச் சட்டத்தை வெறும் பரீட்சைப் பாடமாக அன்றி, தம் பாட்டன் பாட்டியின் கதையாகவும் கற்க வேண்டும் என்பதே எமது கருத்து.

வயலுக்கு வரம்பு எப்படியோ, ஆட்சிக்கு அரசியலமைப்பு அப்படி. அதிகாரம் எதுவரை பாயலாம் என்பதை அதுவே வகுக்கின்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு அத்தகைய ஒரு வரம்பு. ஒரு சமூகத்தவர் மீது மட்டும் ஏனையோருக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பாராளுமன்றம் சுமத்தக்கூடாது என அது கூறியது.

ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் தோட்டத் தொழிலாளி என்றோ, இந்திய வம்சாவளித் தமிழர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. தந்தை இங்கு பிறந்தாரா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா என்றே கேட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத எம் மக்களால் அதை எங்ஙனம் நிரூபிக்க முடியும்? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கே வாக்கு என்றாயிற்று. 1947இல் ஆசனங்களை வென்ற இலங்கை இந்திய காங்கிரசுக்கு 1952இல் ஓர் ஆசனமும் இல்லை.

இதை எதிர்த்து வழக்காடியவர் கோடக்கன் பிள்ளை. சப்ரகமுவவில் ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் மறுக்கப்பட்டது. இடாப்புத் திருத்த அலுவலரிடம் வென்றார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அவரது மேன்முறையீட்டைத் தள்ளியது. பிரசை யார் எனத் தீர்மானிப்பது அரசின் நியாயமான அலுவல் என்றது. சட்டத்தின் சொல்லைப் பார்த்தவர்கள் அது விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை என்றே நாம் எண்ணுகின்றோம். எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் வர 2003 ஆயிற்று.

இன்றைய நிலை என்ன? 1972இல் அந்த 29(2) கைவிடப்பட்டது. 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. ஆனால் 80(3)ஆம் உறுப்புரைப்படி, நிறைவேறிய சட்டம் செல்லுமா என நீதிமன்றம் ஆராய முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும். போதிய உணவு, உடை, வீடு என்பன 27ஆம் உறுப்புரையில் உள்ளன. அவற்றைக் கேட்டு வழக்காட முடியாது என 29ஆம் உறுப்புரை கூறுகின்றது.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. வீடு தாருங்கள் என வழக்காட முடியாவிடினும், ஒரே மண்சரிவில் பாதிக்கப்பட்ட அயல் கிராமத்தவருக்குக் கொடுத்ததை லயத்தவருக்கு அரச அலுவலகம் மறுத்தால், சமத்துவத்தின் பேரில் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதமே. அந்த மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது.

எத்தனை குடும்பங்கள் "நாளைக்கு வாங்க" என்ற சொல்லை நம்பி அந்த மாதத்தை இழந்திருக்கும்! ஆகவே பெற்றோரே, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். திகதியைக் குறித்து வையுங்கள். பிள்ளைகளே, அந்தத் தாளை வாசித்துச் சொல்லும் முதல் வழக்கறிஞர் நீங்களாக இருங்கள். வரம்பு உடைந்தால் வெள்ளம் வரும்வரை காத்திருப்பவன் விவசாயி அல்லன்.