போர்ட்டின் வடிவத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்



கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காகவும் ஸ்டுடியோ வேலைக்காகவும் நம்மில் பலர் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம். பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு என்று நாலு கடை ஏறி விசாரிக்கிறோம். ஹார்டுடிஸ்க் செருகுகிற யூஎஸ்பி போர்ட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "டைப்-சி இருக்கு சார், ஸ்பீடா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம். இந்தத் தலையாட்டலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

டைப்-சி என்பது வடிவத்தின் பெயர். வேகத்தின் பெயர் அல்ல. அதே வடிவத்துக்குள் விநாடிக்கு 480 மெகாபிட்டும் ஓடலாம், 40 கிகாபிட்டும் ஓடலாம். சீருடையைப் பார்த்து மதிப்பெண் போட முடியுமா?

பெயர்களாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று வந்தது. பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள். 2017-க்குப் பின் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒரே 5 கிகாபிட்தான். ஒரே பையனை வருகைப் பதிவேட்டில் மூன்று பெயரில் எழுதினால் தலைமையாசிரியர் என்னை விட்டிருப்பாரா? இந்தப் பெயர்களை வகுக்கும் அமைப்பே 2022-இல், இனி வேகத்தின் எண்ணையே பெயராகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. ஆனால் பழைய பெயர்கள் அட்டைப்பெட்டியை விட்டுப் போகவில்லை. குழப்பத்தின் லாபம் விற்பவருக்கு, நஷ்டம் நமக்கு.

என்ன நஷ்டம்? ஒரு கல்யாண வீடியோ 200 ஜிபி என்று வையுங்கள். யூஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 40 எம்பி அளவுக்குத்தான் தரும். காப்பி எடுக்க 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போனால் அரைகுறை. இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்து, போர்ட் 5 கிகாபிட் என்றால் எட்டு, ஒன்பது நிமிடம். 10 கிகாபிட் என்றால் அதிலும் பாதி.

"வீட்டு உபயோகத்துக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்பவர்களுக்கு: ரேமை அடுத்த வருடம் கூட்டிக்கொள்ளலாம். மதர்போர்டில் பற்றவைத்த போர்ட்டை மாற்ற முடியாது. தனி கார்டு போடலாம், அது தனிச் செலவு.

"இருப்பதிலேயே விலை கூடினதை வாங்கு" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சுழலும் சாதாரண ஹார்டுடிஸ்க்குக்கு 5 கிகாபிட்டே தாராளம். எஸ்எஸ்டி வைத்து வேலை செய்பவர்களுக்கு 10 போதும். 20 கிகாபிட் போர்ட் வாங்கினாலும், அந்த வேகத்தை ஏற்கும் டிஸ்க் இல்லையென்றால் பலன் இல்லை. 40 கிகாபிட் தண்டர்போல்ட், அதற்கேற்ற கருவி கையில் இருப்பவர்களுக்கு. விதை நெல் வாங்க வேண்டிய பணத்தில் களஞ்சியம் கட்டாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியவை மூன்று. பின்பக்கம் 10 கிகாபிட் போர்ட் எத்தனை? கேபினட்டின் முன்பக்க டைப்-சிக்கு மதர்போர்டில் இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். கேபிளின் வேகம் என்ன? போனோடு வரும் சார்ஜ் கேபிள் பலவும் 480 மெகாபிட்டைத் தாண்டாது. நீல நிறத்தையும் நம்பாதீர்கள். நிறம் ஒரு வழக்கம்தான், உத்தரவாதம் அல்ல.

கேட்ட எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நம் உத்திரமேரூர் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டிலேயே வாரிய உறுப்பினரின் தகுதியை எண் போட்டு வெட்டி வைத்தார்கள்: வயது 35-க்கு மேல், 70-க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். "நல்லவர், வல்லவர்" என்று பொத்தாம்பொதுவாக விடவில்லை. கல்லில் எழுதிக் கேட்ட ஊர்க்காரர்கள் நாம். ஒரு பில்லில் எழுதிக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

பிள்ளைகளே, கேள்வி கேட்கத்தான் உங்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தேன். கேளுங்கள்.