குளிக்க இடம் கிடைத்தது, நாற்காலி?

1976 மார்ச் 3. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். விளையாட்டுத் துறை அதிகாரியான ஓர் அம்மணியின் அறைக்குள், படகுப் போட்டி அணியைச் சேர்ந்த 19 மாணவிகள் நுழைந்தார்கள். வரிசையாக நின்றார்கள். மேல்சட்டையைக் கழற்றினார்கள்.

இளைஞர்களே, நிமிர்ந்து உட்கார வேண்டாம். விஷயம் சீரியஸ்.

அவர்கள் உடம்பில் 'டைட்டில் நைன்' என்று எழுதியிருந்தது. அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசித்தார். சாரம் இதுதான்: நாங்களும் இந்தக் காலேஜுக்காகத்தான் துடுப்புப் போடுகிறோம். பயிற்சி முடிந்ததும் ஆண்கள் சுகமாகக் குளிக்கிறார்கள். எங்களுக்கு அங்கே குளிக்க இடமே இல்லை. அவர்கள் குளித்து முடித்து வரும்வரை ஈரத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து நடுங்குகிறோம்.

சேதி 'நியூயார்க் டைம்ஸ்' வரைக்கும் போய்விட்டது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மானம் போனால் தாங்குமா? பெண்களுக்கும் குளியலறை வந்தது.

அதென்ன டைட்டில் நைன்? 1972-ல் அமெரிக்காவில் வந்த சட்டம். ஆங்கிலத்தில் மொத்தம் 37 வார்த்தைகள். அரசாங்கப் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். 'விளையாட்டு' என்ற சொல்லே அந்த 37-ல் கிடையாது. ஆனால், அது அதிகம் ஆட்டிவைத்தது விளையாட்டு மைதானத்தைத்தான். 1971-72-ல் அங்கே ஹைஸ்கூல் அணிகளில் ஆடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்றைக்கு 30 லட்சத்துக்கும் மேல். காலேஜிலும் அதே மாதிரி ஏறுமுகம்.

சுபம் போட்டுவிடலாமா? இருங்க சார், இன்டர்வெல்தான் ஆகியிருக்கு.

சட்டம் வந்த புதிதில் காலேஜ் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சியாளர் யார்? நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள். இப்போது? நாற்பத்துச் சொச்சம். பாதிகூட இல்லை. ஆடுகிற பெண்கள் பெருகப் பெருக, ஆட்டிவைக்கிற பெண்கள் குறைந்துபோனார்கள்!

எப்படி? பாட் சம்மிட்டைக் கேட்டால் தெரியும். 1974-ல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனபோது அவருக்கு வயசு 22. சம்பளம் மாசம் 250 டாலர். வேனை அவரேதான் ஓட்டுவார். அணியின் துணிகளை அவரேதான் துவைப்பார். அந்த வேலைக்கு எந்த ஆண்பிள்ளை அப்ளிகேஷன் போடுவான்?

பிறகு சட்டத்துக்குப் பயந்து பெண்கள் அணிகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள். சம்பளம் வந்தது. சம்பளத்தின் பின்னாலேயே ஆண்களும் வந்தார்கள். தனித்தனியாக இருந்த ஆண்கள், பெண்கள் விளையாட்டுத் துறைகளை ஒன்றாக்கினார்கள். ஒன்றான துறைக்குத் தலைவராகப் பெரும்பாலும் ஆணே உட்கார்ந்தார். அவர் ஆள் எடுக்கும்போது அவருக்குத் தெரிந்த முகங்களாகத்தானே ஞாபகம் வரும்?

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டில் தினம் மூணு வேளை சமைப்பது அம்மா. கல்யாண மண்டபத்தில் காண்ட்ராக்ட் எடுத்து, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கரண்டி பிடிப்பவர்? மீசை வைத்த மாமா. சும்மா செய்தால் கடமை, காசு வந்தால் உத்தியோகம்!

'திறமை இருக்கிறவன் வர்றான், இதிலென்ன தப்பு?' என்று பக்கத்து சீட் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. அப்படியானால் திறமையுள்ள பெண்கள் ஆண்கள் அணிக்கும் போயிருக்க வேண்டுமே? அங்கே தலைமைப் பயிற்சியாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள்கூடத் தேறமாட்டார்கள். கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கிறது.

திறமை என்றீர்களே. 250 டாலர் சம்மிட் 38 சீஸன் அங்கேயே இருந்தார். 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். அதே பல்கலைக்கழகம் 'ஆண்கள் அணிக்கு வருகிறீர்களா?' என்று கூப்பிட்டுப் பார்த்தது. மறுத்துவிட்டார். அதைப் பதவி உயர்வு என்று அவர் நினைக்கவே இல்லை.

'பெண்கள் ஆடினால் கூட்டம் வராது' என்பது அடுத்த வாதம். 2024-ல் காலேஜ் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை அமெரிக்க டி.வி.யில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 89 லட்சம். அதே வருஷம் ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். ஜெயித்த தென் கரோலினாவுக்குப் பயிற்சியாளர் டான் ஸ்டேலி. தோற்ற அயோவாவுக்கு லிசா ப்ளூடர். இரண்டு பேருமே பெண்கள்!

காலேஜில் கேப்டனாக இருக்கும் பெண்ணுக்கு 'தலைமை தாங்கு' என்று சொல்லிக்கொடுக்கிறோம். பட்டம் வாங்கி வெளியே வந்து பார்த்தால், தாங்குவதற்கான நாற்காலியில் வேறொருவர் துண்டு போட்டிருக்கிறார். மைதானத்தில் இடம் கொடுக்கச் சட்டம் போதும். நாற்காலி கொடுக்க, அதில் உட்கார்ந்திருப்பவருக்கு மனசு வேண்டும். அடுத்த முறை உங்கள் ஆபீஸில் 'இந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுக்கலாம்?' என்று பேச்சு வரும்போது, முதலில் உங்கள் ஞாபகத்துக்கு வரும் மூன்று முகங்களை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

குளியலறை கேட்ட கிறிஸ் எர்ன்ஸ்ட் என்ன ஆனார்? 1986-ல் படகுப் போட்டியில் உலக சாம்பியன். பிழைப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட தொழில் என்ன தெரியுமா? பிளம்பர்!

நாற்காலி கேட்கும் பெண்கள் தச்சு வேலை கற்றுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.