உறைக்குள் உறங்கும் வயலின்கள்

ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் வீதிகளை இசை நிறைக்கின்றது. 1982ஆம் ஆண்டு, பண்பாட்டு அமைச்சராயிருந்த ஜாக் லாங் காலத்தில் தொடங்கிய விழா அது. அந்நாட்டில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் ஏதேனுமோர் இசைக்கருவியை வாசிக்கின்றனர் என்று அன்றைய ஆய்வொன்று கூறியது. மேடை கண்டவர்களோ மிகச் சிலர். ஏனையோரையும் வீதிக்கு அழைப்பதே விழாவின் நோக்கமாயிற்று. அன்று நுழைவுக் கட்டணமும் இல்லை. வாசிப்போரிடம் தகுதி கேட்பாரும் இல்லை.

எம்மவர் இல்லங்களிலும் இத்தகைய கணக்கெடுப்பொன்று தேவை. அலுமாரியின் மேல் உறையோடு உறங்கும் வயலின்கள் எத்தனை? ஊரில் வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளிற் சித்தியெய்தி, இடப்பெயர்வோடு கற்றலைக் கைவிட்டோர் எத்தனை பேர்?

அத்தகையோர் பதினொருவர் கடந்த பங்குனியில் பரிஸ் புறநகர் மண்டபமொன்றிற் கூடினர். அழைப்பை ஏற்று நாமும் சென்றிருந்தோம். உணவகத்திற் பணிபுரியும் அன்பரொருவர், வயது ஐம்பதைக் கடந்தவர், வயலினோடு வாசலிலேயே தயங்கி நின்றார். அவருடைய மகளும் இசை வகுப்புக்குச் செல்கின்றாள். எனினும் அவள் முன்னிலையில் அவர் ஒருநாளேனும் வாசித்ததில்லை. “பிழைத்தால் பிள்ளை சிரிப்பாளே” என்றார்.

சுருதி சேர்ப்பதற்கே அரைமணி நேரம் சென்றது. வெப்பமூட்டியின் உலர்ந்த காற்று மிருதங்கத்தின் தோலை இறுக்கிச் சுருதியை ஏற்றிவிட்டது. புல்லாங்குழலின் சுருதியையோ விரும்பியவாறு மாற்றவியலாது. ஆகவே ஏனைய கருவிகள் யாவும் குழலுக்கு இணங்கின.

பின்னர் மோகன வர்ணம் தொடங்கிற்று. முதற் காலத்தில் அன்பரின் வில் தடுமாறாது சென்றது. இரண்டாம் காலத்தில் விரல்கள் பின்தங்கவே, வில்லை மடியில் வைத்துத் தாளமிட்டார். சரணத்தில் மீண்டும் சேர்ந்துகொண்டார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தனியே வாசிப்பவருக்குக் கிட்டாத நிழலைக் கூட்டம் அவருக்கு அளித்தது. திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையின்போது பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெரும் வித்துவான்களும் எளியோரும் ஒருங்கமர்ந்து இசைப்பதிலும் இந்த நிழல் உண்டு.

எம் பிள்ளைகளை வகுப்புகளுக்கு அனுப்புகின்றோம், தேர்வெழுத வைக்கின்றோம், கடன்பட்டேனும் அரங்கேற்றம் நடத்துகின்றோம். அதன்பின் கருவி மூடப்படுகின்றது. பெற்றோர் வீட்டில் வாசிக்கக் கேளாத பிள்ளைக்கு, இசை என்பது சான்றிதழோடு முடிவுறும் பாடமாகவே தோன்றும். பிழைபட வாசித்தாலும் மகிழ்ந்து வாசிக்கும் தந்தையைக் காணும் பிள்ளையோ, அது வாழ்நாள் முழுதும் தொடரத்தக்கதென அறியும்.

வயலின் எமக்கு அந்நியமாய் வந்த கருவியே. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று அதனைக் கர்நாடக இசைக்கு ஆக்கினார். தரையிலமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் முறை எம்முடையதாயிற்று. அம்முறையை ஐரோப்பிய வீதியில் வழிப்போக்கர் நின்று காணட்டுமே.

அன்பர்களே, உறையைத் திறவுங்கள். துருவேறிய தந்திகளை மாற்றுங்கள். மாதமொருமுறை, ஐவரேனும் ஓரிடத்திற் கூடுங்கள். கச்சேரிக்கு ஆயத்தமாகும்வரை காத்திருப்போமாயின், கருவிகள் உறைக்குள்ளேயே முதுமையடைந்துவிடும்.