காய்க்கும் பழத்துக்கும் நடுவே

போன செவ்வாய்க்கிழமை பள்ளிவிட்டு வந்த மகள், பையை மூலையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் வகுப்பு. டப்பாவில் எலுமிச்சை சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. என்னம்மா என்றால் "வயித்த வலிக்குது" என்றாள். இந்த வயதில் பாதி வருத்தங்கள் வயிற்றில்தான் வலிக்கும். தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தது: "அவ என்கூட காய் விட்டுட்டாம்மா."

விஷயம் ஒரு வாசனை ரப்பர். கடன் வாங்கியவள் இவள். திருப்பிக் கொடுக்கும்போது முனையில் பல் பட்டிருந்தது. நான் கடிக்கவே இல்லை என்று சாதித்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணுடைய அம்மாவின் எண் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. பிள்ளைகளைப் பேசச் சொல்லுங்க என்று ஒரு வரி போட்டு, புது ரப்பர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. ஒன்றாம் வகுப்பில் அப்படித்தான் செய்தேன். இரண்டு அம்மாக்களும் பக்கத்தில் நின்று கைகோக்க வைத்தோம். கோத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இம்முறை கைப்பேசியை நான் எடுக்கவில்லை.

உளவியலாளர் ழான் பியாஜே, சுவிட்சர்லாந்தில் கோலி ஆடும் சிறுவர்களிடம் ஆட்டம் கற்றுக்கொள்பவரைப்போல உட்கார்ந்து, இந்த விதி எங்கிருந்து வந்தது, இதை மாற்றலாமா என்று கேட்டார். 1932இல் அது புத்தகமானது. சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் வைத்தது, தொடக்கூடாதது. பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். பெரியவர்களிடம் பிள்ளை பணியும், இல்லையென்றால் அடம்பிடிக்கும். சமவயதுக்காரரிடம் இரண்டும் செல்லாது, பேசித்தான் தீர்க்கவேண்டும். நியாய உணர்வு அந்தப் பேச்சில்தான் வளர்கிறது என்றார் அவர்.

நம் தெருப்பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'அழுகுணி ஆட்டம்' என்று ஒரு குரல் எழுந்தால் ஆட்டம் நின்று வழக்கு தொடங்கும். கூடவே ஓடிவரும் குட்டித்தம்பியை அழவிடாமல், 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொண்டு, அவன் அவுட்டானால் கணக்கில் எடுக்காமல் விடுவார்கள். உடற்குறையைச் சொல்லும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஏற்பாட்டில் இருக்கும் கருணையை எந்தப் பாடவேளையிலும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. என் அக்கா மகன் ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்கு வந்து மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போனான். விளையாட்டில் தோற்றால் அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்துவிடுவான். கைப்பேசியில் தோற்றால் இன்னொரு ஆட்டம் தொடங்கலாம். எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த 20 மாதங்களில் பிள்ளைகள் தவறவிட்டது எழுத்தும் வாய்ப்பாடும் மட்டும்தான் என்று நாம் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று கவலையாக இருக்கிறது.

பெரியவர்கள் எப்போதுமே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. காய் என்பது இருவர் சண்டை; பழம் விடும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு பிள்ளையை வகுப்பே சேர்த்துக்கொள்ளாமல் விடுவது வேறு. பிறப்பைக் காட்டி ஒதுக்குவது கொடுமை. மாணவர்களிடையே சாதி மோதல்களைத் தடுக்க வழி சொன்ன நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவதைத் தடைசெய்ய 2024இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டுவது பெரும்பாலும் பெரியவர்களின் உலகம்தான். அங்கே அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று நாம் சும்மா இருந்தால் அது குற்றம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் டப்பாவில் பாதி மிச்சம் வந்தது. தினமும் கேட்டேன், தினமும் "ஒண்ணுமில்ல" என்றாள். வெள்ளிக்கிழமை டப்பா காலி.

"பழம் விட்டீங்களா?"

"ம்ம்."

"யாரு முதல்ல?"

"நான்தான். கடிச்சது நான்தான்னு சொல்லிட்டேன்." பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு அது அன்னிக்கே தெரியுமாம்மா. நான் எப்ப சொல்வேன்னு பாத்துக்கிட்டே இருந்தாளாம்."