காது இல்லாத குரு

"வாத்தியார் வைத்துக்கொள்ளாமலே கிதார் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லிக்கொள்வது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. கைப்பேசியில் பாடம் இருக்கிறது. ஒரு தடவைக்கு நூறு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அது கோபித்துக்கொள்ளாது, மாதம் பிறந்தால் சம்பளம் கேட்காது. பின் எதற்காக ஒரு மாஸ்டரைத் தேடிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு ஆசிரியர் என்றால் யார் என்பதே தெரியாது என்பதுதான் என் கட்சி.

அவர்கள் எண்ணத்தில் ஆசிரியர் என்பவர் வாசித்துக் காட்டுகிறவர். அவ்வளவுதான் வேலை என்றால் கைப்பேசியே போதும். உலகத்து மேதைகள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். ஆனால் ஆசிரியரின் வேலை வாசித்துக் காட்டுவது அல்ல. மாணவன் வாசிப்பதைக் கேட்பது. திரைக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. சுருதி தப்பினால் காட்டிக்கொடுக்கும் கருவிகள்கூட வந்துவிட்டனவே என்பீர்கள். தப்பு என்று அவை சொல்லும். ஏன் தப்பு என்று சொல்லுமா?

ஓர் உதாரணம் பாருங்கள். கிதாரில் ஆறு கம்பிகள். ஆட்காட்டி விரலை ஆறின் மேலும் குறுக்கே படுக்க வைத்து அழுத்திக்கொண்டு, மற்ற மூன்று விரல்களையும் தனித்தனி இடங்களில் ஊன்ற வேண்டிய ஒரு பிடி உண்டு. எஃப் கார்டு என்பார்கள். புதிதாகக் கற்க வந்தவர்களில் பலர் வாத்தியத்தை உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றுவது இந்த இடத்தில்தான். கம்பி ஒலிக்காமல் அடைத்துக்கொள்கிறது. பையன் இன்னும் பலமாக அழுத்துகிறான். மணிக்கட்டு வலி எடுக்கிறது. 'நமக்குச் சங்கீதம் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறான். திரையில் இருப்பவரோ நூறாவது தடவையும் அதே புன்னகை மாறாமல் அதைச் சரியாக வாசித்துக்கொண்டிருக்கிறார்!

அனுபவம் உள்ள மாஸ்டர் எதிரே உட்கார்ந்திருந்தால் நடப்பதே வேறு. வாத்தியத்தின் கழுத்துக்குப் பின்னால் ஏறிக் கிடக்கும் கட்டைவிரலைக் கொஞ்சம் கீழே இறக்குவார். ஆட்காட்டி விரலைச் சற்றே பக்கவாட்டில் சாய்ப்பார். "அழுத்தாதே அப்பா, கை கனத்தைக் கொடு" என்பார். சில சமயம் வாத்தியத்தை வாங்கிப் பார்த்து, கம்பிகள் பலகையை விட்டு அதிகமாக உயர்ந்து நிற்கின்றன, குற்றம் பையனுடையதே அல்ல என்று கண்டுபிடிப்பார். சங்கீதமே வராது என்று தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள இருந்த ஒரு குழந்தைக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. இது சின்ன விஷயமா?

எதிர்க்கட்சிக்குப் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. ஸ்பெயின் தேசத்து ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987) தமக்குத் தாமே ஆசிரியர், தமக்குத் தாமே மாணவர் என்று சொல்லிக்கொண்டவர். வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் செகோவியாவே பார்சிலோனாவில், டாரெகாவின் சீடரான மிகெல் யோபெட்டை நாடிப் போய், அவர் கிதாருக்கு அமைத்த கிரானாடோஸின் உருப்படிகளை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டார். பாக்கோ தெ லூசியாவுக்குத் தகப்பனாரே வாத்தியார். நம் இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் சங்கீதம் படித்தவர். இவர்களுக்கெல்லாம் தேவைப்பட்ட ஒன்று, அடுத்த தெருப் பையனுக்குத் தேவையில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

உடனே நான் குருபக்தி உபதேசம் செய்யக் கிளம்பிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். வாத்தியாரின் காலில் விழச் சொல்லவில்லை. ஜான் வில்லியம்ஸ் செகோவியாவிடம் பாடம் கேட்டவர்தான். தன்னைப்போலவே வாசிக்க வைப்பதுதான் அந்தப் பாடம் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே குறை சொன்னார். மேதைக்கும் காது அடைத்துப்போகும். ஓர் அறையில் இருபது குழந்தைகளை அடைத்து வைத்துச் சம்பளம் வசூலிக்கிறவருக்கும் காது கிடையாது. பரீட்சைக்கான நாலைந்து உருப்படிகளையே வருஷம் முழுவதும் உருப்போட வைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறவருக்கும் கிடையாது. இவர்களுக்குப் பதில் கைப்பேசியே மேல். மின்சாரச் செலவோடு போகும்.

ஆனால் இந்தப் பாவத்தில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. முதல் நாளே, "எத்தனை மாதத்தில் சினிமாப் பாட்டு வாசிப்பான்?" என்றுதானே கேட்கிறார்கள்! மாதக்கணக்கில் ஒரே விரலைச் சீர்திருத்திக்கொண்டிருக்கும் நல்ல மாஸ்டரைவிட்டு, மூன்றாம் வாரமே ஒரு பல்லவியைக் கையில் திணிப்பவரிடம் ஓடுகிறார்கள். நல்லவர் மாணவர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷம் பிறர் விரல்களைக் கேட்டுக் கேட்டு அவர் சேர்த்து வைத்த ஞானம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கேட்பாரில்லாமல் அவரோடு அது போய்விட்டால், பிறகு என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காது.

ஆகவே, பிள்ளையை ஒரு மாஸ்டரிடம் அழைத்துக்கொண்டு போகும்போது, "எங்கே, வாசித்துக் காட்டுங்கள்" என்று அவரைப் பரீட்சை பண்ணாதீர்கள். பிள்ளை வாசிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். உண்மையிலேயே கேட்கிறாரா? பேரம் பேசாமல் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.