நெருப்பும் தண்ணியும் எதிரெதிராம்!

'எதிரெதிர்' என்கிற சொல்லின் மேல் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. சாதி தாண்டிக் காதலித்த பிள்ளைகளைப் பற்றிப் பேச வருகிற மேடைப் பேச்சாளர், சினிமாக்காரர், பட்டிமன்ற நடுவர் எல்லாருக்கும் அது தோதான சொல். நெருப்பும் பஞ்சும் என்பார்கள், கீரியும் பாம்பும் என்பார்கள். யாருக்கும் வலிக்காமல் சாதியைப் பேசிவிடலாம். கேட்கிறவனும் 'ஆமா, ரெண்டும் சேராததுதானே' என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்.

இந்த ஒரு சொல்லை வைத்தே முழுப்படம் எடுத்திருக்கிறார்கள். 2023இல் வந்த 'எலிமெண்டல்'. பிக்ஸார் எடுத்து டிஸ்னி வெளியிட்ட கார்ட்டூன். நெருப்பு, தண்ணீர், மண், காற்று என்று நாலுவகைச் சனங்கள் ஒரு நகரத்தில் வாழ்கிறார்கள். (நாலு என்றதுமே ஐந்தாவது ஆள் எங்கே என்று தேடுவது எங்களுக்குப் பழக்கமாகிப் போனது. அதை விடுங்கள்.) நெருப்புச் சனங்கள் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனித் தெரு. எம்பர் என்ற நெருப்புப் பெண்ணுக்கும் வேட் என்ற தண்ணீர்ப் பையனுக்கும் காதல். பெண்ணின் அப்பா கடை வைத்திருக்கிறார், மகள் அதை எடுத்து நடத்த வேண்டும் என்பது அவர் கனவு. தண்ணீர்ச் சனம் என்றாலே அவருக்கு ஆகாது. கடைசியில் மனம் மாறுகிறார்.

கோவில்பட்டிப் பக்கத்தில் எங்கள் தெருவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே ஒருநாள் இரவல் லேப்டாப்பில் இதைப் போட்டோம். இங்கிலீஷ் புரியாத இடங்களில் நான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும் எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கேட்டான்: "அக்கா, அந்தத் தண்ணிப் பையனோட ஆளுக யாருமே நெருப்புத் தெருவுக்கு வரலியே, ஏன்?" எதற்கு வருவார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளும் விளக்கம் கேட்கவில்லை.

இயக்குநர் பீட்டர் சோனை நான் பழிக்க வரவில்லை. அவர் கொரியாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறி மளிகைக்கடை நடத்திய பெற்றோரின் மகன். கொரியப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று பாட்டி சாகும்போதும் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன் வீட்டுக் கதையை எடுத்தார். சில இடங்களில் அசலாகவும் எடுத்திருக்கிறார். எம்பர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு பூவைப் பார்க்க அப்பாவோடு ஆசையாகப் போகிறாள், நெருப்புச் சனத்துக்கு அனுமதி இல்லையென்று வாசலிலேயே தடுத்துவிடுகிறார்கள். பெரியவளாகித் தண்ணீர் வீட்டு விருந்துக்குப் போனால், அங்கே ஒரு பெரியமனுசன் அவள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று மெச்சுகிறார். அந்த மெச்சுதல் எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் 'உன்னைப் பாத்தா தெரியவே இல்லையே' என்று பாராட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இங்குள்ளவர்கள் இந்தப் படத்தைச் சாதிக்குப் பாடம் என்று தூக்கிக்கொண்டு வரும்போதுதான் சண்டை வருகிறது. நெருப்புக்கும் தண்ணிக்கும் இடையில் உள்ளது இயற்கையான வித்தியாசம். தொட்டால் ஒன்று அணையும், இல்லையென்றால் மற்றது ஆவியாகும். இரண்டு பக்கமும் சமமான ஆபத்து. எனக்கும் ஊர்த்தெருக்காரனுக்கும் இடையில் அப்படி என்ன இயற்கை இருக்கிறது? ஒரே கரிசல், ஒரே மானாவாரி. மழை பெய்தால் இருவருக்கும் உளுந்து, பெய்யாவிட்டால் இருவருக்கும் கடன். நிலம் அவன் பேரில் இருக்கும், களை எடுக்கிறது நாங்களாக இருப்போம், அவ்வளவுதான். சாதியை நெருப்பு, தண்ணீர் என்று வர்ணித்த அந்த நிமிசமே, அது உடம்பிலேயே ஊறியது என்று மனு சொன்னதை ஒத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கிறோம்.

நெருப்பைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரமே நெருப்பைப் பெட்டியில் அடைத்து விற்றுப் பிழைக்கிற பூமி. மழை குறைந்த இந்த வறண்ட காற்றுதான் குச்சி உலரத் தோது என்று இங்கே தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. என் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கினவள், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினவள். மருந்து முக்குகிற இடத்தில் வெந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணியும் அப்படித்தான். கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீராகக் குழாயில் வர வேண்டும். தண்ணீருக்காகக் காத்துக் கிடப்பதில் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சமம். குடத்தை வைக்கிற வரிசையில்தான் சாதி. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்ததே ஒரு போராட்டமாக இருந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற தொட்டியில் மலம் கிடந்தது. படத்தில் தண்ணீர்ச் சனங்கள் எதற்கெடுத்தாலும் அழுகிற இளகின மனசுக்காரர்கள்! இங்கே தண்ணியை வைத்திருக்கிறவன் அழுது நான் பார்த்ததில்லை.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று படத்தில் ஒளிந்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து வருகிறவள் பெண். வசதியான வீட்டிலிருந்து வருகிறவன் ஆண். இந்தத் திசையில் போனால் பாதை அவ்வளவு கரடுமுரடாக இருக்காது. சாஸ்திரக்காரன் இதற்கு அனுலோமம் என்று பேர் வைத்தே மன்னித்தான். நடைமுறையில் நடப்பதும் தெரியும். ஊர்த்தெருப் பையன் சேரிப் பெண்ணோடு பழகுவான், தாலி மட்டும் கட்டமாட்டான். கேட்டால் 'வயசு' என்று ஊரே சிரிக்கும். திசையை மாற்றிப் பாருங்கள். தண்ணீர் வீட்டுப் பெண்ணை நெருப்புத் தெருப் பையன் விரும்பியிருந்தால் படம் எத்தனை நிமிசம் ஓடியிருக்கும்? அதற்குப் பெயர் பிரதிலோமம். செத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் திசை விளங்கிவிடும். 2003இல் விருத்தாசலம் பக்கம் முருகேசன். கண்ணகியையும் சேர்த்து விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள், தீர்ப்பு வர 2021 ஆனது. 2012 நவம்பரில் இளவரசனின் கலியாணத்தைச் சாக்கிட்டுத் தர்மபுரி நத்தம் காலனி உட்பட மூன்று ஊர்களில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்தப் பையன் 2013 சூலையில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தான். அன்று நெருப்பு யார் கையில் இருந்தது? 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர். எல்லோரும் எங்கள் பையன்கள்.

கோகுல்ராஜ் சாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 சூனில் அவனைக் கடத்திக்கொண்டு போனது திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து. அங்கே இருக்கிற சாமி அர்த்தநாரீசுவரர். ஆண் பாதி, பெண் பாதி, எதிரெதிர் ஒரே உடம்பில்! அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கு எதிரெதிர் சேர்வதில் ஒரு தத்துவச் சிக்கலும் இல்லை. ஒரு தலித் பையன் கூடப்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றதில்தான் சிக்கல். இதற்கப்புறமும் இது எதிர்த்துருவங்களின் பிரச்சினை என்று பேசினால் நான் என்ன செய்ய?

2025 சூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேசை வெட்டினார்கள். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துப் பையன், ஏரல் பக்கம் ஆறுமுகமங்கலம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. படிச்சு முன்னேறு, எல்லாம் சரியாயிரும் என்று எங்களுக்குச் சொன்னார்களே, அந்த யோசனையை அப்படியே கேட்டு நடந்த பிள்ளை. கைதானவர் அந்தப் பெண்ணின் சகோதரர். அவருடைய பெற்றோர் இருவரும் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர்கள்.

குடும்பத்தின் எதிர்பார்ப்பு என்கிறார்களே, அதிலும் ஒரு வார்த்தை. எம்பருக்கு அப்பாவின் கடை பாரம். அவள் கண்ணாடி வேலை செய்யப் போக ஆசைப்படுகிறாள், அப்பாவிடம் சொல்லப் பயப்படுகிறாள். நல்லது. என் தம்பி காலேசுக்குப் போன முதல்நாள் என் அம்மா அவனிடம் என்ன எதிர்பார்த்தாள் தெரியுமா? "எவ பேசினாலும் தலையக் குனிஞ்சிக்கிட்டே வந்துருய்யா. ராத்திரி வெளிய தங்காத." கலெக்டர் ஆகு என்று சொல்லவில்லை. உசுரோடு வா என்றாள். மூன்று வருசம் அவன் பஸ் வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் நின்றாள். எங்கள் தெருவில் அம்மாமார் பிள்ளைகளின் காதலுக்குக் குறுக்கே நிற்பதைப் பிற்போக்கு என்று எழுதுகிற தோழர்கள், அந்தத் தெருமுனையில் ஒரு சாயங்காலம் நின்று பார்க்கட்டும்.

அதற்காக நாங்கள் சுத்தம் என்று நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை. பள்ளர் வீட்டுப் பெண் அருந்ததியர் பையனைக் கட்டினால் எங்கள் தெருவில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். சாமியாடி, நாட்டாமை எல்லாம் இங்கேயும் உண்டு. 'அவங்களும் நாமளும் ஒண்ணா?' என்று கேட்கும்போது குரல்கூட ஊர்த்தெருக் குரலாகவே மாறிவிடுகிறது. ஏணியில் கடைசிப்படி என்று ஒன்று இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் பார்ப்பனியத்தின் சாமர்த்தியம். 1936இலேயே அம்பேத்கர், சாதியை ஒழிக்கச் சேர்ந்து சாப்பிடுவது போதாது, கலப்பு மணம்தான் மெய்யான மருந்து என்று எழுதிவிட்டார். அந்த மருந்தை நம் தெருவிலும் குடிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கங்களில் இதை எழுதினால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

படத்தின் முடிவில் வேட் ஆவியாகிப் போகிறான். பிறகு கண்ணீராகச் சொட்டி, சேர்ந்து, திரும்ப எழுந்து வருகிறான். எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். கார்ட்டூனில் அது முடியும்.

திரும்பி வராதவர்களுக்காகச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வை, ஆபத்தில் இருக்கிற ஜோடிக்குப் பாதுகாப்பான வீடு கொடு என்று அரசுகளுக்கு உத்தரவு போட்டது. கவின் சாவுக்குப் பிறகு, 2025 அக்டோபரில், தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை செய்யத் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. முருகேசன் கண்ணகி சாவிலிருந்து கணக்குப் போட்டால் 22 வருசம். தனிச்சட்டத்தில் தண்டனையை மட்டும் எழுதினால் போதாது. 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போகிற பிள்ளைகளின் பெயரையும் விலாசத்தையும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போர்டில் ஒட்டி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று 30 நாள் காத்திருக்கிறார்களே, முதலில் அந்த நோட்டீசைக் கிழிக்க வேண்டும். முப்பது நாளில் ஒரு அருவாளைத் தீட்டி முடிக்கலாம். விலாசத்தை சர்க்காரே எழுதி ஒட்டியிருக்கும்.