மாறிகளுக்கும் வேலி வேண்டும்

ஜாவாவில் இணையப் பக்கங்கள் செய்பவர்களுக்கு ஃப்ரீமார்க்கர் பழக்கமான டெம்ப்ளேட் மொழி. இதில் மாறிகளை உருவாக்க மூன்று கட்டளைகள் உண்டு: அசைன், லோக்கல், குளோபல். அசைன் எழுதினால் எங்கும் வேலை நடந்துவிடுவதால், பலர் மற்ற இரண்டையும் எட்டிப் பார்ப்பதே இல்லை. வினையே அங்குதான் ஆரம்பம்!

ஒரு வகுப்பின் மதிப்பெண் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் சராசரி 61. அது 'சராசரி' என்ற மாறியில் இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பெண் அட்டை காட்ட அதே கோப்பில் ஒரு மேக்ரோ. அதற்குள்ளும் யாரோ அசைன் போட்டு, 'சராசரி' என்றே பெயர் வைத்துவிட்டால்? அது மேக்ரோவோடு நிற்காது. பக்கத்தின் மாறியையே மாற்றிவிடும். கடைசி மாணவரின் சராசரி 74 என்றால், பக்கத்தின் அடியில் வகுப்பின் சராசரியும் 74 என்றே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அங்கே லோக்கல் என்று எழுதியிருந்தால், மேக்ரோ முடிந்ததும் உள்ளே இருந்த மாறியும் மறைந்திருக்கும். 61 பத்திரமாக இருந்திருக்கும். குளோபல் இதற்கு நேர்மாறு. இம்போர்ட் செய்த கோப்புகளிலும் அது தெரியும். தளத்தின் பெயர் போன்ற ஒன்றிரண்டுக்கு மேல் அது தேவைப்படாது.

பைத்தான்காரர்களின் ஜிஞ்சா மறுகோடியில் நிற்கிறது. ஃபார் சுழற்சிக்குள் செட் செய்த மதிப்பு வெளியே வராது. உள்ளே கூட்டிக்கொண்டே போய் வெளியே வந்து பார்த்தால், ஆரம்பத்தில் வைத்த பூஜ்யமே இருக்கும். இந்தத் தேவைக்காகவே 2017-இல் வந்த 2.10 பதிப்பில் நேம்ஸ்பேஸ் வசதியைச் சேர்த்தார்கள். புதியவர்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும் ஜிஞ்சாவின் வழியே மேல். பூஜ்யத்தைப் பார்த்த உடனே தப்பு என்று தெரிந்துவிடும். 61-க்குப் பதில் 74 வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

"சின்னப் பக்கம்தானே, இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு?" என்று கேட்கலாம். இன்று பத்து வரியில் எழுதிய மேக்ரோ, நாளை நண்பரின் ப்ராஜெக்டில் ஒட்டப்படும். சராசரி, மொத்தம், எண்ணிக்கை போன்ற பெயர்கள் அங்கேயும் இருக்கும். மேக்ரோவுக்குள் லோக்கல், பக்கத்தில் அசைன், வேறு வழியே இல்லாதபோது குளோபல். இந்தப் பழக்கத்துக்கு ஆகும் செலவு, ஒரு சொல்லை மாற்றி எழுதுவது மட்டும்தான்.